அம்புக்குறி வந்த கதை

வீடியோ கேம் வரலாறு – 12

ஜப்பானின் நாம்கோ நிறுவனம் 1984-ல் ஆர்கேட் கடைகளுக்கு அனுப்பிய ஒரு கேமின் பெயர் 'டவர் ஆஃப் ட்ருவாகா'. மெசபடோமியப் புராணங்களிலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டு மசனோபு எண்டோ உருவாக்கியது. கில்காமேஷ் என்ற வீரன் 60 மாடிக் கோபுரத்தில் ஏறிப் போய், ட்ருவாகா என்ற அரக்கனிடம் சிக்கிய கீ என்ற பெண் பூசாரியை மீட்க வேண்டும். சாவியை எடு, கதவைத் திற, அடுத்த மாடிக்குப் போ. பார்ப்பதற்கு அவ்வளவுதான்.

ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு மாடியிலும் ஒரு புதையல் பெட்டி ஒளிந்திருந்தது. அதை வரவழைக்க, அந்த மாடிக்கென்று விதிக்கப்பட்ட ஒரு காரியத்தைச் செய்தாக வேண்டும். முதல் மாடியில் பச்சை நிறக் கூழ்ப் பிராணிகள் மூன்றைக் கொன்றால் பெட்டி வரும். உள்ளே சுவரை உடைக்கும் கருவி இருக்கும். மேலே போகப் போக, இன்ன எதிரியை இன்ன வரிசையில் கொல்ல வேண்டும் என்பது போன்ற, யாராலும் ஊகிக்க முடியாத நிபந்தனைகள். சில பொருள்களைக் கீழே தவறவிட்டால் கோபுரத்தை முடிக்கவே முடியாது. தவறவிட்டோம் என்பதையும் கேம் சொல்லாது.

தனியாளாக இதை முடிப்பது நடக்கிற காரியமில்லை. ஆனாலும் முடித்தார்கள். ஆர்கேட் கடைகளில் நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. ஒருவர் தற்செயலாக ஒரு மாடியின் ரகசியத்தைக் கண்டுபிடித்தால் அதில் எழுதிவைப்பார். மறுநாள் வருபவர் அதைப் படித்துவிட்டு இன்னும் இரண்டு மாடி ஏறுவார். கேமின் பாதி இயந்திரத்துக்குள் இருந்தது. மீதிப் பாதி அந்த நோட்டில் இருந்தது.

அமெரிக்க வீடியோ கேம் சந்தை 1983-ல் சரிந்து விழுந்ததைச் சென்ற இதழில் பார்த்தோம். இந்த இதழில் காலவரிசையைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, ஒரே ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு 40 ஆண்டுகள் நடந்துவிடுவோம். கேம்கள் எப்போது எளிதாயின? ஆட்டக்காரரின் கையைப் பிடித்து அழைத்துப்போகும் பழக்கம் எங்கே தொடங்கியது? 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை' என்பது பழைய ஆட்டக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். பழைய கணக்குகளைப் பார்த்தால் அது நிற்காது.

கடினத்துக்கு ஒரு விலை

ஆர்கேட் இயந்திரத்தின் வருமானம் உண்டியலில் விழும் நாணயம். ஒரு நாணயத்துக்கு ஒருவர் அரை மணி நேரம் நின்று ஆடினால் கடைக்காரருக்கு நஷ்டம்; பத்து விநாடியில் தோற்றால் அவர் திரும்பி வரமாட்டார். இரண்டுக்கும் நடுவே ஆட்டக்காரரைச் சாகடிப்பதுதான் அன்றைய வடிவமைப்பாளரின் தொழில் நுணுக்கம். கடினம் அங்கே ஒரு வியாபார முடிவு.

வீட்டுக்குள் கன்சோல் வந்த பிறகு நாணயம் போய்விட்டது, கடினம் போகவில்லை. அதற்கு நினைவகம் ஒரு காரணம். 1985-ல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேசட்டின் மொத்தக் கொள்ளளவு 40 கிலோபைட். அதற்குள் எத்தனை ஸ்டேஜ் வைக்க முடியும்? தோற்காமல் ஆடத் தெரிந்தவர் ஓர் உட்காரலில் முடித்துவிடுவார். பெற்றோர் கொடுத்த பணத்துக்குப் பல வாரங்களாவது ஓட வேண்டுமென்றால், ஆட்டக்காரரைத் திரும்பத் திரும்ப முதல் ஸ்டேஜுக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

இன்னொரு காரணம் வாடகைக் கடை. ஜப்பானில் கேம்களை வாடகைக்கு விடச் சட்டம் இடம்தரவில்லை. அமெரிக்காவில் தடை இல்லை. நின்டெண்டோவுக்கு இது பெரிய எரிச்சல். 1989-ல் பிளாக்பஸ்டர் வீடியோ நிறுவனத்தின் மீது வழக்கே போட்டது. வாடகைக்கு விட்டதற்காக வழக்குப் போட முடியாது என்பதால், கேமோடு வரும் கையேட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தார்கள் என்று போட்டது. சனிக்கிழமை எடுத்துப்போய் ஞாயிற்றுக்கிழமை முடித்துவிட்டால் திங்கட்கிழமை யார் விலைகொடுத்து வாங்குவார்கள்? 1994-ல் வந்த 'லயன் கிங்' கேமின் இரண்டாவது ஸ்டேஜிலேயே பிள்ளைகள் தடுக்கி விழுந்தது இதனால்தான். வாடகைக்கு எடுப்பவர்கள் சீக்கிரம் முடித்துவிடக் கூடாது என்பதற்காகக் கடினமாக்கச் சொன்னார்கள் என்று அதை உருவாக்கிய வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸின் லூயிஸ் காஸில் பின்னாளில் சொன்னார்.

ஆக, பழைய கேம்களின் கடினத்தில் ஒரு பகுதி கலை, பெரும்பகுதி கல்லாப்பெட்டி. அந்தக் காலத்திலேயே 'இது தாங்காது' என்று சொன்னவர்களும் உண்டு. 1986-ல் ஜப்பானில் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 2' மிகக் கடினம் என்று நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளை அதை வாங்க மறுத்தது. 1988-ல் 'டோக்கி டோக்கி பேனிக்' என்ற வேறொரு கேமில் ஆட்களை மாற்றி, மாரியோ 2 என்ற பெயரில் அங்கே விற்றார்கள். அமெரிக்கச் சிறுவர்கள் பல ஆண்டுகள் அதையே உண்மையான இரண்டாம் பாகம் என்று நம்பி ஆடினார்கள்.

ரெட்மண்டில் அடித்த தொலைபேசி

'லெஜண்ட் ஆஃப் செல்டா' 1986-ல் வந்தது. கியோட்டோவுக்கு அருகே சோனோபே என்ற ஊரில் மலையும் குகையுமாகச் சுற்றித் திரிந்த தன் சிறுவயதை ஷிகெரு மியாமோட்டோ அதில் வைத்தார். ஹீரோ ஒரு வெட்டவெளியில் நிற்கிறான். கையில் வாள் இல்லை. எதிரே ஒரு குகை. எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை. புதரை எரித்தால் படிக்கட்டு, பாறையைத் தகர்த்தால் கடை. எந்தப் புதர், எந்தப் பாறை? பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதே தன் எண்ணம் என்று மியாமோட்டோ பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஜப்பானில் அந்தப் பேச்சு பள்ளிக்கூடத்திலும் பத்திரிகைகளிலும் நடந்தது. அமெரிக்காவில் நின்டெண்டோ அதை ஒரு துறையாகவே கட்டியது. வாஷிங்டன் மாநிலத்தின் ரெட்மண்டில் இருந்த தலைமையகத்தில் 'கேம் கவுன்சலர்கள்' என்று ஊழியர்களை உட்காரவைத்தார்கள். தொலைபேசி அடிக்கும். எதிர்முனையில் ஒரு சிறுவன் ஏழாவது நிலவறையின் வாசல் எங்கே என்பான். கவுன்சலர் கையால் வரைந்த வரைபடங்கள் நிறைந்த கோப்பைப் புரட்டி வழி சொல்வார். ஒருசிலரோடு தொடங்கிய வேலையில் உச்சக்கட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள். 1988-ல் 'நின்டெண்டோ பவர்' பத்திரிகையும் வந்தது. பக்கம் பக்கமாக வரைபடங்கள்.

கணினிப் பக்கமும் இதே கதை. 'ஸோர்க்' என்ற எழுத்து வடிவ சாகச கேமை வெளியிட்ட இன்ஃபோகாம், 'இன்விஸிக்ளூஸ்' என்று குறிப்புப் புத்தகங்களை விற்றது. விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சாகியிருக்கும். கூடவே வரும் பேனாவால் தேய்த்தால் ஒரு வரி தெரியும். அது போதவில்லையென்றால் அடுத்த வரியைத் தேய்க்கலாம். எவ்வளவு உதவி வேண்டும் என்பதை ஆட்டக்காரரே தீர்மானித்தார். இவ்வளவு நயமான உதவியை இன்றைய கேம்களிலும் அபூர்வமாகத்தான் பார்க்க முடியும்.

குறுக்குவழிகளும் இருந்தன. கோனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ 1986-ல் 'கிரேடியஸ்' கேமை வீட்டுக் கன்சோலுக்கு மாற்றும்போது, சோதித்துப் பார்க்கத் தனக்கே கஷ்டமாக இருக்கிறதென்று ஒரு பொத்தான் வரிசையை உள்ளே வைத்தார். மேல், மேல், கீழ், கீழ் என்று தொடங்கும் அந்த வரிசை 1988-ல் 'கான்ட்ரா'வில் 30 லைஃப் கொடுத்து உலகப் புகழ் பெற்றது. தமிழ்நாட்டில் 1990-களில் நகல் கன்சோல்களில் கான்ட்ரா ஆடியவர்களுக்குக் கையேடும் கிடையாது, கேட்டுத் தெரிந்துகொள்ளத் தொலைபேசி எண்ணும் கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணன்தான் கவுன்சலர்.

இதிலிருந்து தெரிவது ஒன்று. பழைய ஆட்டக்காரர்கள் உதவியில்லாமல் ஆடவில்லை. உதவி தாராளமாகவே இருந்தது. ஆனால் அது கேமுக்கு வெளியே, இன்னொரு மனிதரிடம் இருந்தது.

வாயால் சொன்ன வழி

அந்த உதவி திரைக்குள் குடியேறிய கதையைப் பார்க்க, பெதஸ்டா நிறுவனத்தின் இரண்டு கேம்களை அடுத்தடுத்து வைத்தால் போதும். 2002-ல் வந்த 'மாரோவிண்ட்'. 2006-ல் வந்த 'ஒப்லிவியன்'. ஒரே தொடரின் மூன்றாம், நான்காம் பாகங்கள்.

மாரோவிண்டில் நீங்கள் கப்பலில் வந்து இறங்கும் கைதி. விடுதலை செய்து, ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, பால்மோரா நகரில் கையஸ் கொசேடிஸ் என்பவரிடம் சேர்க்கச் சொல்கிறார்கள். அவர் வீடு எங்கே? ஊருக்குள் போய்க் கேட்க வேண்டும். பிறகு ஆர்க்ங்தாண்ட் என்ற பாழடைந்த கோட்டைக்குப் போகச் சொல்வார்கள். மூன்மாத் கோட்டையைத் தாண்டிப் போ, எரிமலைக் குழம்பு ஓடிய பள்ளத்தாக்கின் மேல் ஒரு பழைய பாலம் வரும், அதைக் கடந்து மலைமேல் ஏறு. இப்படித்தான் வழி. கோட்டைக் கதவும் தானாகத் திறக்காது; பக்கத்தில் ஒரு திருகு இருப்பதைக் கண்டுபிடித்துத் திருப்ப வேண்டும். டீக்கடையில் வண்டியை நிறுத்தி வழி கேட்டுப் போகிற பயணம்தான் அது. சொன்னவர் மேற்கையும் கிழக்கையும் மாற்றிச் சொல்லிவிடுகிற சங்கடமும் மாரோவிண்டில் அப்படியே உண்டு.

ஒப்லிவியனில் திரையின் அடியில் ஒரு திசைகாட்டி வந்தது. அதில் ஒரு சிறிய அம்புக்குறி. அது காட்டும் பக்கம் நடந்தால் போதும். பெரிய நகரங்களுக்கு முதல் நாளிலிருந்தே, நடக்காமல், வரைபடத்தில் தொட்டு உடனே போய்விடலாம்.

நான்கே ஆண்டுகளில் ஆட்டக்காரர்கள் சோம்பேறிகளாகிவிட்டார்களா? வேறு மூன்று காரணங்கள் இருந்தன.

முதலாவது, குரல். மாரோவிண்டில் பெரும்பாலான பேச்சு எழுத்தாக இருந்தது. வழிசொல்ல இரண்டு பத்தி எழுதுவது ஓர் எழுத்தாளரின் அரை மணி நேர வேலை. ஒப்லிவியனில் எல்லாப் பாத்திரங்களும் வாய்திறந்து பேசின. பேரரசருக்குக் குரல் கொடுத்தவர் பேட்ரிக் ஸ்டூவர்ட். நடிகர் பேசும் ஒவ்வொரு வரிக்கும் சம்பளம், பதிவு, தட்டில் இடம் எல்லாம் உண்டு. 'பாலத்தைத் தாண்டி வடக்கே திரும்பி' என்று நீட்டி முழக்க இனிக் கட்டுப்படியாகாது. வசனம் சுருங்கியது. சுருங்கிய இடத்தை அம்புக்குறி நிரப்பியது.

இரண்டாவது, நடமாட்டம். மாரோவிண்டில் கடைக்காரர் இரவும் பகலும் நின்ற இடத்திலேயே நிற்பார். ஒப்லிவியனின் மனிதர்கள் காலையில் கடைக்கும் மாலையில் விடுதிக்கும் இரவில் வீட்டுக்கும் போனார்கள். சிலர் வேறு ஊருக்கே போனார்கள். நடமாடும் ஆளுக்கு வாயால் வழி சொல்ல முடியாது.

மூன்றாவது காரணம் 2011-ல் வந்த ஐந்தாம் பாகமான 'ஸ்கைரிம்' கேமில் முழுமையாகத் தெரிந்தது. அதில் பல வேலைகளைக் கணினியே அந்த நேரத்தில் உருவாக்கியது. எந்தக் குகைக்கு அனுப்பப் போகிறோம் என்பது எழுதுபவருக்கே தெரியாதபோது, வழியை முன்கூட்டியே யார் எழுதுவது?

உலகம் பெரிதாகவும் உயிரோட்டமாகவும் ஆக ஆக, அதைச் சொல்லால் விவரிக்க முடியாமல் போனது. அம்புக்குறி அதற்கு நாம் கொடுத்த விலை. இழப்பும் சிறிதல்ல. மாரோவிண்டில் மலையையும் பாலத்தையும் பார்த்தாக வேண்டும். பார்க்காவிட்டால் வழி தவறும். ஒப்லிவியனில் அம்புக்குறியைப் பார்த்தால் போதும், மலை வெறும் குறுக்கீடு. ஸ்கைரிமில் குறியை அணைத்துவிட்டு ஆடிப் பார்த்தவர்கள் தடுமாறினார்கள். குறிப்பேட்டில் ஊர்ப் பெயர் இருந்தது, வழி இல்லை. வழிகாட்டியை நம்பியே உலகத்தைக் கட்டிவிட்டால், பிறகு அதைக் கழற்ற முடியாது.

மீண்டும் ரெட்மண்ட்

தொலைபேசியில் வழி சொன்ன அதே ரெட்மண்டில், 2007-ல் மைக்ரோசாஃப்ட் தன் ஆய்வுக்கூடத்தில் 'ஹேலோ 3' கேமைச் சோதித்துக்கொண்டிருந்தது. ராண்டி பகுலாயன் என்ற ஆய்வாளரின் குழு, சாதாரண ஆட்டக்காரர்கள் சுமார் 600 பேரை அழைத்து, 3,000 மணி நேரத்துக்கு மேல் ஆடவைத்துப் பதிவுசெய்தது. யார் எங்கே சாகிறார்கள், எங்கே வழி தெரியாமல் சுற்றுகிறார்கள் என்பதை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்தார்கள். ஆட்கள் வந்த வழியே திரும்பிப் போய்க் குழம்பும் இடத்தில், கேமை உருவாக்கிய பஞ்சி நிறுவன வடிவமைப்பாளர்கள் தரையையே மாற்றி, குதித்து இறங்கினால் மறுபடி ஏற முடியாத மேடு வைத்தார்கள். ஆட்டக்காரர் தானே வழி கண்டுபிடித்ததாக நினைத்துக்கொள்வார்.

கோடிக்கணக்கான டாலர் செலவாகும் கேமில், வாங்கியவர் மூன்றாம் ஸ்டேஜிலேயே சிக்கி நின்றுவிட்டால், மீதி ஸ்டேஜ்களுக்குச் செலவிட்ட பணம் வீண். நாணய உண்டியலின் கணக்கு இங்கே தலைகீழாகிவிட்டது. முன்பு தோற்பவர் லாபம் தந்தார். இப்போது சிக்கி நிற்பவர் நஷ்டம்.

அடுத்த இரண்டு ஆண்டுகளில் இத்தகைய உதவிகள் வரிசையாக வந்தன. 2008-ல் 'ஃபேபிள் 2' போகும் வழியெங்கும் தரையில் பொன்னிறத் தடம் போட்டது. அதே ஆண்டு 'டெட் ஸ்பேஸ்' ஒரு பொத்தானை அழுத்தினால் தரையில் ஒளிக்கோடு வரைந்தது. 2009-ல் 'நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ' கேமில் ஒரே ஸ்டேஜில் எட்டு முறை செத்தால் பச்சை நிறப் பெட்டி ஒன்று தோன்றியது. அதைத் தட்டினால் லூயிஜி வந்து நமக்குப் பதிலாக ஆடிக் காட்டினான். ரோஷக்காரர்களையும் நின்டெண்டோ மறக்கவில்லை. அந்தப் பச்சைப் பெட்டி ஒருமுறைகூடத் தோன்றாமல் முடித்தவர்களின் நட்சத்திரங்கள் மட்டும் மின்னும்.

பனியில் தள்ளிய கார்

அதே 2009, பிப்ரவரி. ஜப்பானில் ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கிய 'டீமன்ஸ் சோல்ஸ்' வெளியானது. அம்புக்குறி இல்லை. வழி சொல்வாரும் இல்லை. செத்தால் சேர்த்ததெல்லாம் செத்த இடத்தில் கிடக்கும். இதை ஜப்பானில் வெளியிட்ட சோனி, மேற்கில் வெளியிட முன்வரவில்லை. வட அமெரிக்காவில் அட்லஸ் வெளியிட்டது. வாய்வழியாகவே பரவி வெற்றிபெற்றது.

இதன் கடினத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். இதிலிருந்த உதவியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஓர் ஆட்டக்காரர் தரையில் ஒரு செய்தி எழுதிவைக்கலாம்: முன்னே ஆபத்து, இடது பக்கம் புதையல், இப்படி. இணையம் வழியாக அது முன்பின் தெரியாத இன்னொருவரின் தரையில் தெரியும். படித்தவர் 'உதவியது' என்று குறித்தால், எழுதியவர் அந்த நேரம் எங்கே சண்டையிட்டுக்கொண்டிருந்தாலும் அவருடைய உயிரளவு நிரம்பும். இயக்குநர் ஹிடெடாகா மியாசாகி இந்த எண்ணம் வந்த கதையைச் சொல்லியிருக்கிறார். பனி பெய்த ஒரு மேட்டில் கார்கள் ஏற முடியாமல் நின்றபோது, பின்னால் நின்றவர்கள் முன்னால் இருந்ததைத் தள்ளிவிட்டார்கள். இவர் கார் ஏறிவிட்டது. நன்றி சொல்ல நிறுத்தினால் மறுபடி சிக்கிக்கொள்ளும், போய்விட்டார். கடைசியாக நின்றவர் ஏறினாரா என்பது தெரியவே இல்லை.

நாம்கோவின் கோபுரத்தை நோட்டு எழுதி ஏறியவர்களும் இதைத்தான் செய்தார்கள். 2022-ல் வந்த ஃப்ரம்சாஃப்ட்வேரின் 'எல்டன் ரிங்' ஓராண்டுக்குள் 2 கோடிக்கு மேல் விற்றது. அதில் வேலைகளைக் குறித்துவைக்கும் பட்டியலே இல்லை. புரியாதவர்கள் இணையத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

கேம்கள் எளிதாகிவிட்டன என்ற புகாரில் பாதி உண்மை இருக்கிறது. உதவி கூடியதைவிட, உதவி மனிதரிடமிருந்து இயந்திரத்துக்கு இடம்பெயர்ந்ததுதான் பெரிய மாற்றம். இயந்திரத்தின் உதவி எல்லோருக்கும் ஒரே மாதிரி, கேட்காமலே வந்தது. அங்கேதான் சலிப்பு தொடங்கியது.

கடந்த சில ஆண்டுகளில் கேட்டுவிட்டு உதவும் பழக்கம் வளர்ந்திருக்கிறது. 2018-ல் 'அசாசின்ஸ் கிரீட் ஒடிசி' தொடக்கத்திலேயே கேட்டது: குறி காட்டட்டுமா, இல்லை, இன்ன நாட்டின் தெற்கே, இன்ன இடத்துக்கு அருகே என்று வார்த்தையில் சொன்னால் போதுமா? அதே ஆண்டு வந்த 'செலஸ்ட்' வேகத்தைக் குறைத்துக்கொள்ள இடம்தந்தது. 2020-ல் 'லாஸ்ட் ஆஃப் அஸ் 2' பார்வை, செவி, கை அசைவுக் குறைபாடு உள்ளவர்களுக்காக 60-க்கும் மேற்பட்ட வசதிகளோடு வந்தது. பார்வையில்லாத ஒருவருக்கு வழிகாட்டும் ஒலி சொகுசு ஆகாது. அது இல்லாவிட்டால் அவருக்குக் கேமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத மையை எத்தனை வரி தேய்ப்பது என்பதை ஆட்டக்காரரிடமே விட்ட இன்ஃபோகாமின் நியாயம் இது. அதை மறுபடி கற்றுக்கொள்ள இந்தத் தொழிலுக்கு ஏறக்குறைய 40 ஆண்டுகள் ஆயின.

அடுத்த இதழில்: ஐந்து லைஃப், தீர்ந்தால் ஒன்றுக்கு அரை மணி நேரக் காத்திருப்பு, காத்திருக்க முடியாவிட்டால் பணம். 2012-ல் 'கேண்டி க்ரஷ்' கைபேசிக்குள் திறந்த புதிய உண்டியல்.